பச்சையாகத் தெரிவது

எட்மன்டன். விடிய நாலரை.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
வடக்கே எண்ணெய் மணலுக்குப் போகிறவர்கள்
இரும்பு நுனிச் சப்பாத்தைக் கழற்றும்போது
பாதித் தூக்கத்தையும் சேர்த்துத் தட்டில் வைக்கிறார்கள்.

எனக்கு ஆட்களைத் தெரியாது.
கதிரை மாறும்வரை
பைகளை மட்டும்தான் தெரியும்.
சாப்பாடும் துணியும் சவர்க்காரமும் செம்மஞ்சள்,
இரும்பு நீலம்,
இடைப்பட்டதெல்லாம் பச்சை.
ஒரு பைக்கு ஆறு செக்கன்.
அதற்குள் ஒருவருடைய கட்டுப்பல்,
மனைவிக்குத் தெரியாத சிகரெட்,
இரண்டாவது ஃபோன்
எல்லாம் பார்த்து, எதையும் பார்க்காதவள் போல
பெல்ட்டை நகர்த்த வேண்டும்.

சில நேரம் திரை பொய் சொல்லும்.
நாங்கள் தூங்குகிறோமா என்று பார்க்க
இல்லாத துவக்கு ஒன்றை
யாரோ ஒரு பாவத்தின் பைக்குள் தானே வரையும்.
பொத்தானை அழுத்தினால்
'சரி, இது பரீட்சை' என்று எழுத்து வரும்.
துவக்கு மறையும்.
உடுப்புகள் மிஞ்சும்.

அந்த முதுகுப் பையில் ஒரு கறுப்பு வந்தது.
கழுத்துச் சிறுத்து, வயிறு அகன்று,
கதிர் நுழைய இடம் கொடாத கறுப்பு.
சுற்றிலும் செம்மஞ்சளாய் ஒரு துவாய்.
பரீட்சையாய் இருக்கட்டும் என்று
பொத்தானை அழுத்தினேன்.

எழுத்து வரவில்லை.

மரிசெல் பையைத் திறந்தாள்.
துவாய்க்குள் பித்தளைச் செம்பு.
வாயில் மஞ்சள் துணி, அதற்கு மேல்
பெட்டி ஒட்டுகிற டேப், சுற்றிச் சுற்றி.
'சாம்பல்' என்றான் ஆங்கிலத்தில்.
பிறகு என் சட்டையில் இருந்த பெயரைப் பார்த்து
தமிழில் ஒருக்கால்.

விதி எனக்குப் பாடம்.
சாம்பல் ஏறலாம், கதிர் ஊடுருவ வேண்டும்.
மூடியை நாங்கள் திறக்கக் கூடாது,
உரியவர் கெஞ்சினாலும் கூடாது.
ஆங்கிலத்தில் அதற்கு ஒரு சீருடை இருந்தது.
தமிழில் சொன்னபோது
நானே சொல்கிற மாதிரிக் கேட்டது.

'அவர் உங்களுக்கு என்ன முறை?'
அது கேட்க வேண்டிய கேள்விகளில் இல்லை.

'முறையொண்டும் இல்லை அக்கா.
ஒரு பேஸ்மென்ட். வாடகை பாதி பாதி.
அவன் இரவு ட்ரக், நான் பகல் ட்ரக்.
கட்டில் ஒண்டுதான்,
ஒரே நேரத்தில படுத்ததில்லை.
டொரன்டோவில தமக்கை பாத்துக்கொண்டு நிக்கிறா.
ஏழரைக்கு ஃப்ளைட்.'

அவன் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாய் இருந்திருக்கும்.
செம்பை ஒரு கையில் அணைத்து
கழற்றிய பெல்ட்டை மறுகையில் பிடித்து
வரிசைக்கு எதிராக
ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக் கேட்டுப் போனான்.

அடுத்த பை. அடுத்த பை.
பெரிய சீஸ் கட்டி ஒன்று
வெடிமருந்து போல் கிடந்து என்னைப் பயமுறுத்தியது.

மறுபடி எனக்குத் திரை வந்த நேரம்
அதே முதுகுப் பை.
செம்பு இப்போது வெறும் நீல வளையம்.
பக்கத்தில் ஒரு ப்ளாஸ்டிக் டப்பா:
கீழே காப்பிக் கடையில் சீனி போட்டு வைப்பார்களே, அது.
யாரிடம் கேட்டான்,
எந்த மேசையில், எந்தக் கழிப்பறையில்
கை நடுங்காமல் மாற்றினான், தெரியாது.

மனிதன் செம்மஞ்சளாய் வருவான் என்று
ஏனோ நினைத்திருந்தேன்.
பச்சை.
உப்புக்கும் கண்ணாடிக்கும் வருகிற அதே பச்சை,
ஓரத்தில் இளசு, நடுவில் தடிப்பு.
அதற்குள் ஒரு பொட்டு நீலம்.
ஒரு திருகாணியாய் இருக்கலாம்.
முழங்காலிலோ தோளிலோ
எப்போதோ ஒரு டொக்டர் இறுக்கியது.
கட்டிலைப் பங்கு போட்டவனுக்கும்
சொல்லாமல் விட்டது.

ஆறு செக்கன் முடிந்தது.
ஏழு. எட்டு.
சூப்பர்வைசர் திரும்பிப் பார்த்தார்.
பத்தில் பெல்ட்டை விட்டேன்.

அங்கால் வாங்கில்
டப்பாவைப் பக்கத்தில் இருத்திவிட்டு
அவன் சப்பாத்து நாடா கட்டினான்.
இரண்டு பேருக்கும் அது நல்ல அகலமான வாங்கு.

அடுத்த பையில் தண்ணீர்ப் போத்தல்.
நிறுத்தினேன்.